கொடி இறங்கும்வரை

2023ஆம் ஆண்டு பிப்ரவரி தொடங்கி ஆகஸ்ட் முடிய, என் திருப்புகழ்மாலை நூலுக்குள் ஒரு கடிதம் இருந்தது. நான்காக மடித்த வெள்ளைத்தாள். அன்றன்று செபிக்க வேண்டிய பக்கத்திற்கு அடையாளமாக அதை வைத்திருந்தேன். தவக்காலத்தின் பக்கங்களில் இருந்தது. பாஸ்காக் காலத்திற்கு நகர்ந்தது. பின்னர் ஆண்டின் பொதுக்காலத்திற்கும் வந்து சேர்ந்தது. நாள்தோறும் காலையும் மாலையும் என் விரல் அதைத் தொட்டது. ஒருநாளும் அதைப் பிரித்துப் படிக்கவில்லை.

அது எனக்காக எழுதப்பட்ட கடிதம். குருக்களுக்கென நடந்த மருத்துவப் பரிசோதனையில், என் கண்ணின் உட்புறத்தை நிழற்படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், விழித்திரைச் சிறப்பு மருத்துவருக்கு எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதம். "ஒரு மாதத்துக்குள்ள காட்டிடுங்க ஃபாதர்" என்று வாயாலும் சொன்னார். நானும் தலையசைத்தேன். சர்க்கரை நோய் எனக்கு வந்து அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏன் போகவில்லை என்று கேட்டால் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தவக்காலத்தில் சிலுவைப்பாதை, தியானங்கள், வீடு மந்திரிப்பு. அதன்பின் பெரிய வாரம். மே மாதத்தில் புதுநன்மை வகுப்புகள். ஜூன் மாதத்தில் பள்ளிச் சேர்க்கை. ஆயினும் இவை யாவும் நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானங்கள். உண்மைக் காரணம் ஒன்றுதான்: எனக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. திருப்பலி நூலின் சிறிய சிவப்பெழுத்துக்களைக்கூடத் தடுமாறாமல் வாசித்தேன். நன்றாகத் தெரிகிற கண்ணுக்கு எதற்கு மருத்துவர்?

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இப்படியொரு கடிதம் தாமதமானால் என்ன நேரும் என்பதை நேரில் கண்டவன் நான். கண்டவன் மட்டுமல்லன், அந்தத் தாமதத்திற்குக் காரணமானவனும் நானே.

*

2016ஆம் ஆண்டில், தேரிக்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் பங்குத்தந்தையாக இருந்தேன். பனையும் செம்மண்ணும் நிறைந்த ஊர். அங்கே ஓர் உபதேசியார் இருந்தார். எனக்குப் பத்து வயது மூத்தவர். கோவில் மணி அடிப்பதிலிருந்து கல்லறைத் தோட்டத்தில் குழி அளந்து கொடுப்பதுவரை எல்லாம் அவரே. எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பதும் தெரியும். அவர் இல்லாவிட்டால் அந்தப் பங்கில் என்னால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

அவருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. வீடு சந்திக்கப் போகிற இடமெல்லாம் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்கள். "கருப்பட்டி சுகருக்கு ஒண்ணும் செய்யாது சாமி" என்று அவரும் சொல்வார், கொடுக்கிறவர்களும் சொல்வார்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை அந்தப் பனங்காட்டில் எடுத்துச் சொல்ல எனக்கும் துணிவில்லை. நானும் வாங்கிக் குடித்தேன்.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் பக்கத்து ஊரில் ஒரு கண் சிகிச்சை முகாம் நடந்தது. கண்ணில் சொட்டுமருந்து விட்டுப் பரிசோதித்த மருத்துவர், உபதேசியாரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, இரண்டு வாரத்திற்குள் திருநெல்வேலி சென்று விழித்திரை மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே கடிதத்துடன் பங்கு இல்லத்திற்கு வந்தார்.

"சாமி, கண்ணுக்குள்ள புதுசா ரத்தக்கொழாய் மொளைச்சிருக்காம். சீக்கிரமாப் போகணுமாம். என்ன செய்யட்டும்?"

நான் கடிதத்தைப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. பாதி புரிந்தது. "இப்ப கண்ணு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன். "நல்லாத் தெரியுது சாமி" என்றார். செப்டம்பர் 28இல் கொடியேற்றம். அக்டோபர் 7இல் செபமாலை அன்னையின் திருவிழா. சப்பரம் இன்னும் பழுதுபார்க்கப்படவில்லை. அசனத்திற்கு அரிசி வந்து சேரவில்லை. இவையெல்லாம் என் மனத்தில் ஓடின.

"திருவிழா முடியட்டும் உபதேசியாரே. கொடி இறக்கின மறுநாளே நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவருக்கு மகிழ்ச்சி. சாமியே கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டார் அல்லவா? கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சப்பரக் கொட்டகைக்குப் போனார்.

திருவிழாவின் ஏழாம் நாள் மாலை. சப்பரத்திற்கு மின்விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "தூபம் இன்னும் கலையலையா சாமி? ஒரே பொகையாத் தெரியுதே" என்றார். அன்று தூபம் போடவே இல்லை. வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார், புகை மறைந்தது. இடது கண்ணை மூடினார். புகை மட்டுமே இருந்தது.

அன்றிரவே புறப்பட்டிருக்க வேண்டும். "இன்னும் மூணு நாள்தானே சாமி" என்று அவரும் சொன்னார், நானும் வற்புறுத்தவில்லை. திருவிழா சிறப்பாக நடந்தது. கொடி இறங்கிய மறுநாள், சொன்ன சொல் தவறாமல், அவரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றேன்.

வலது கண்ணினுள்ளே இரத்தம் கசிந்து நிறைந்திருந்தது. புதிதாக முளைத்த குழாய்களோடு வளர்ந்த தழும்புத்திசு சுருங்கி, விழித்திரையையே சுவரிலிருந்து இழுத்துப் பெயர்த்திருந்தது. அறுவை செய்தார்கள், ஆயினும் அந்தக் கண்ணில் வெளிச்சத்திற்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. இடது கண்ணை லேசர் கதிரால் காப்பாற்றினார்கள். "கடிதம் கொடுத்தவுடனே வந்திருந்தால்?" என்று மருத்துவரிடம் தனியே கேட்டேன். "உறுதியாகச் சொல்ல முடியாது ஃபாதர். ஆனால் வாய்ப்பு இதைவிட அதிகமாக இருந்திருக்கும்" என்றார்.

உபதேசியார் என்னைக் குறை கூறவில்லை. அவர் மனைவியும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் திட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு திருப்பலியில் அவர் வழக்கம்போல வாசகம் வாசிக்க வந்தார். தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணைப் புத்தகத்திற்கு நேரே கொண்டுவந்து வாசித்தார். பீடத்தில் அமர்ந்திருந்த நான் தலை நிமிரவில்லை.

*

அந்த நோயைப் பற்றி அதன்பின்னரே படித்தறிந்தேன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்றவனுக்கு மருத்துவ நூல்கள் எளிதல்ல. ஆயினும் நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன்.

கண்ணின் பின்சுவரில் மெல்லிய தாள்போல ஒட்டியிருப்பது விழித்திரை. வெளியிலிருந்து வரும் ஒளி அதன்மேல் விழுந்துதான் காட்சியாகிறது. அதற்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்பவை மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் இக்குழாய்களின் சுவர் நலிவடைகிறது. முதலில் ஆங்காங்கே குமிழ்போலப் புடைக்கும். பிறகு இரத்தமும் கொழுப்பும் கசியும். சில குழாய்கள் அடைபட்டுப் போகும். கசிவினால் விழித்திரையின் மையப்பகுதி வீங்கினால், படிப்பதற்கும் முகங்களை அடையாளம் காண்பதற்கும் உதவும் கூர்மையான பார்வை கெடும். குழாய்கள் பெருமளவில் அடைபட்டால், பட்டினி கிடக்கும் விழித்திரை புதிய குழாய்களை முளைக்கச் செய்கிறது. அவை உதவிக்கு வருபவை போலத் தோன்றினாலும் வலுவற்றவை. எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டுபவை. உபதேசியார் கண்ட புகை அதுதான்.

இவை அனைத்தும் நடந்துகொண்டிருக்கும்போதே கண்ணில் வலி இருக்காது, சிவப்பு இருக்காது, நீர் வடியாது. மையப்பகுதி பாதிக்கப்படாதவரை பார்வையும் குறைவதில்லை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னால் கடைசி வரிவரை வாசித்துவிடலாம். அந்தப் பலகை விழித்திரையைக் காட்டாது. பாப்பாவைச் சொட்டுமருந்தால் விரித்து உள்ளே பார்த்தாலோ, அதற்குரிய கருவியால் நிழற்படம் எடுத்தாலோதான் தெரியும். உயிரோடிருக்கும் மனிதரின் விழித்திரையைப் பார்க்கும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்குமுன் இந்நோயால் பார்வை இழந்தவர்கள் ஏன் இழந்தோம் என்று அறியாமலே இருளில் வாழ்ந்து மடிந்திருப்பார்கள். நம் காலத்தில் அந்த அறியாமைக்கு இடமில்லை.

இது எங்கோ யாருக்கோ வரும் நோயுமல்ல. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. சென்னையில் நடந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளுள் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. அதாவது, சர்க்கரை நோயுள்ள ஆறு பேர் ஒரு பெஞ்சில் அமர்ந்திருந்தால், அவர்களுள் ஒருவருக்கு இது தொடங்கியிருக்கலாம்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், நோய் கண்டறிந்த உடனேயே கண்ணையும் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. ஏனெனில் கண்டறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் வந்திருக்கக்கூடும். பெரும்பாலும் இளவயதில் வரும் முதல் வகையில், நோய் தொடங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள் பார்க்க வேண்டும். அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை. பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லும் கால அளவில். சர்க்கரை நோயுள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் பார்க்க வேண்டும்; பேறுகாலத்தில் இந்நோய் வேகமெடுக்கலாம்.

இப்பரிசோதனையில் விழித்திரையின் மையத்தில் வீக்கமோ, நடுத்தர நிலைக்கு மேற்பட்ட பாதிப்போ, புதுக் குழாய்களோ காணப்பட்டால், காலம் தாழ்த்தாமல் விழித்திரை நோயில் தேர்ந்த மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தைத்தான் நாம் சட்டைப்பையிலும் அலமாரியிலும் செபப்புத்தகத்திலும் வைக்கிறோம். திடீரெனப் பார்வை மங்கினாலோ, கண்முன் கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, திரை விழுந்ததுபோல ஒருபுறம் மறைந்தாலோ கடிதத்திற்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின்னர்தான் என் கடிதத்தை ஆறு மாதங்கள் புத்தகத்தில் வைத்திருந்தேன். அறிவது வேறு, எழுந்து போவது வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

*

2023 ஆகஸ்டில், மாதா விண்ணேற்புத் திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன்பு, உபதேசியார் தொலைபேசியில் அழைத்தார். நான் அந்தப் பங்கைவிட்டு மாறி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பேத்திக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மந்திரிக்க நான் வர வேண்டும் என்றார். பேச்சை முடிக்கும் முன்,

"சாமிக்கும் சுகர் உண்டே, கண்ணைப் பாத்துக்கிட்டியளா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு லெட்டர் கொடுத்திருக்காங்க. போகணும்" என்றேன்.

"எப்பம் கொடுத்தாங்க?"

"பிப்ரவரியில."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "திருவிழா முடியட்டும்னு சொல்லாதிய சாமி. நாளைக்கு விடியக்காலம் நான் பஸ்ஸு ஏறி வாரேன். நானே கூட்டிட்டுப் போறேன்."

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நான் சொன்ன அதே சொற்கள். அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை என்பதை அறிவேன். அவருக்கு அத்தகைய மனமில்லை. சொன்னபடியே மறுநாள் காலை ஆறு மணிக்குப் பங்கு இல்லத்தின் வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் இட்லிப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும்.

மருத்துவமனையில் கண்ணில் சொட்டுமருந்து விட்டுப் பலகையில் அமர்த்தினார்கள். பாப்பா விரிய அரைமணிக்கு மேலாகும். விரிந்தபின் பக்கத்திலிருக்கும் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும், சில மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது. அதனால்தான் துணைக்கு ஒருவர் வேண்டும் என்கிறார்கள். என் துணைக்கு வந்தவருக்கு ஒரே கண்.

பலவகைப் படங்கள் எடுத்தபின் மருத்துவரிடம் அழைத்தார்கள். என் தங்கை மகள் வயதிருக்கும் பெண் மருத்துவர். என் கடிதத்தைப் பிரித்தார், தேதியைப் பார்த்தார், மடிப்புகளில் கிழிந்திருந்த தாளை மேசைமேல் வைத்து நீவிவிட்டார்.

"ஆறு மாசம் ஆச்சே ஃபாதர்?"

"கண்ணு நல்லாத் தெரிஞ்சதும்மா. அதான்."

"நல்லாத் தெரியும்போது வரணும்னுதான் ஃபாதர் அந்த லெட்டரே கொடுக்கிறது" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறாரோ என்னும் களைப்பு அதில் இருந்தது.

வலது கண்ணில் புதுக் குழாய்கள் அரும்பத் தொடங்கியிருந்தன. இடது கண்ணின் மையத்தில் வீக்கம். பிப்ரவரியில் எடுத்த படத்தில் இவ்விரண்டும் இல்லை என்று அருகருகே வைத்துக் காட்டினார். உள்ளே இரத்தக் கசிவு நேரவில்லை. "பிழைத்தீர்கள்" என்று அவர் சொல்லவில்லை. உபதேசியார்தான் பின்னால் நின்று மெல்லச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

வெளியே வந்தபோது உச்சிவெயில். உலகம் முழுவதும் வெள்ளையாக எரிந்தது. சாலையைக் கடக்க வேண்டும். வண்டிகள் வருகிற ஓசை கேட்டதே தவிர அளவு தெரியவில்லை. என் வலது கையைப் பற்றிக்கொண்டு, தலையை வழக்கம்போலச் சற்று வலப்புறம் திருப்பி இருபுறமும் பார்த்து, "வாங்க சாமி" என்று அழைத்துச் சென்றார். அந்தச் சாலை இருபது அடி அகலம் இருக்கும். அதைக் கடப்பதற்குள் ஏழு ஆண்டுகளாக அவரிடம் கேட்க முடியாமலிருந்த மன்னிப்பைக் கேட்டேன். வண்டி ஓசையில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ, கையை இன்னும் சற்று இறுக்கிப் பிடித்தார்.

*

வலது கண்ணுக்கு மூன்று அமர்வுகளில் லேசர் சிகிச்சை நடந்தது. மோவாயைத் தாங்கியில் வைத்து அமர்ந்தால், பச்சை ஒளி வெட்டி வெட்டிப் பாய்கிறது. சில வெட்டுகள் சுருக்கென்று குத்தும். தாங்க முடியாத வலியன்று. விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான நுண்புள்ளிகளைச் சுட்டுவிடுகிறார்கள். அப்பகுதியின் பட்டினி அடங்குவதால் புதுக் குழாய்கள் வாடிச் சுருங்குகின்றன. ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காக்கும் ஏற்பாடு.

இந்த முறை பிறந்த வரலாறு எனக்கு வியப்பளித்தது. 1945ஆம் ஆண்டு ஜூலை மாதச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து விழித்திரையைச் சுட்டுக்கொண்ட ஒருவரின் கண்ணை ஜெர்மானிய மருத்துவர் மேயர் ஷ்விக்கராத் பரிசோதித்தார். அங்கே கண்ட தழும்பிலிருந்து, ஒளியின் சூட்டாலேயே விழித்திரையைக் குணப்படுத்தலாமே என்னும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. முதலில் சூரிய ஒளியையே ஆடிகளால் திருப்பிப் பயன்படுத்தினார். பின்னர் வலிமையான விளக்கொளி வந்தது. அதன்பின் லேசர் வந்தது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெரும் ஆய்வின் முடிவுகள், முற்றிய நிலையிலுள்ள கண்களில் கடும் பார்வையிழப்பை லேசர் சிகிச்சை பாதிக்கும் மேலாகக் குறைப்பதைக் காட்டின. அதே ஆண்டில்தான் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆக, இந்நோய்க்கு வழி தெரிந்து அரை நூற்றாண்டு ஆகிறது.

இடது கண்ணுக்கு ஊசி. "கண்ணுக்குள் ஊசி" என்று கேட்டதும் நடுங்கினேன். எத்தனையோ பேர் இந்தச் சொல்லைக் கேட்டே மருத்துவமனைப் பக்கம் வராமல் இருந்துவிடுகிறார்கள் என்று செவிலியர் சொன்னார். சொட்டுமருந்தால் மரத்துப்போகச் செய்து, கண்ணைத் தூய்மை செய்து, மெல்லிய ஊசியால் மருந்தைச் செலுத்துகிறார்கள். ஓர் அழுத்தம் தெரிகிறது. சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. கசிவைத் தூண்டும் பொருளை அடக்கும் மருந்து அது. ஒன்றோடு முடிவதில்லை; தொடக்கத்தில் மாதந்தோறும் போட வேண்டியிருக்கும். விலை கூடிய மருந்துகளும் உண்டு. புற்றுநோய்க்கென வந்து, சிறிய அளவில் கண்ணுக்கும் பயன்படுகிற விலை குறைந்த மருந்தும் உண்டு. எது தகும் என்பதை மருத்துவர் சொல்வார். கையில் பணமில்லை என்று சொல்ல நாணாதவர்களுக்கு வழியும் சொல்வார்கள்.

சிகிச்சை என் பார்வையைக் காத்தது. ஆனால் இழப்பே இல்லாமல் காக்கவில்லை. இருட்டில் பார்வை குறைந்துவிட்டது. பக்கப்பார்வையும் சற்றுச் சுருங்கியது. இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை விட்டுவிட்டேன். நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்தால், பங்கு இளைஞர் ஒருவர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறார். அந்த ஆறு மாதங்களில் போயிருந்தால் இதுவும் தேவைப்பட்டிருக்காதோ என்று எண்ணுவதுண்டு. எண்ணி என்ன பயன்? சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும், குறித்த நாளில் போய்க் காட்டுவதுமே இனி என் கையில் உள்ளவை.

*

மாற்கு நற்செய்தியில் பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரை ஆண்டவர் குணமாக்கும் நிகழ்ச்சியைக் குருமடத்தில் ஒரு வாரம் முழுவதும் படித்தோம். அவருக்குப் பார்வை ஒரேயடியாகக் கிடைக்காமல் இரண்டு கட்டமாகக் கிடைப்பது ஏன் என்பதுதான் எங்கள் ஆய்வுப்பொருள். அதைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அந்த நிகழ்ச்சி எப்படித் தொடங்குகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. அவரை யாரோ சிலர் அழைத்து வருகிறார்கள். அவர்களுக்குப் பெயரில்லை. அதன்பின் ஆண்டவரும் அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச் செல்கிறார். ஒருவர் கையை ஒருவர் பிடித்து அழைத்துப் போன பிறகுதான் மற்றதெல்லாம் நடக்கிறது. இதை எனக்கு விளக்கியவர் எட்டாம் வகுப்புவரை படித்த ஓர் உபதேசியார். அதுவும் ஒரு சாலையைக் கடக்கும்போது.

இப்போது என் பங்கில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கண் மருத்துவரிடம் அனுப்பும் கடிதம் யாருக்காவது கொடுக்கப்பட்டால், அந்த வாரமே பங்கு அலுவலகத்தில் சொல்ல வேண்டும். ஒரு நோட்டில் பெயரும் தேதியும் எழுதுவோம். துணைக்கு ஆள் இல்லாதவர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையினர் ஒருவர் போவார். ஒருநாள் கூலி போய்விடுமே என்று தயங்குகிறவர்களுக்குச் சபை சிறிது உதவுகிறது. திருவிழா, திருமணம், அறுவடை, பிள்ளைகளின் தேர்வு என்னும் காரணங்கள் அந்த நோட்டில் ஏற்கப்படுவதில்லை. இவ்விதியை வகுத்தவன் அதை இருமுறை மீறியவன் என்பதையும் மக்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்பு வாசகர்களே, இன்று இரவு படுக்கப்போகும்முன் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை, அலமாரியை, செபப்புத்தகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். மடித்த தாள் ஏதேனும் இருந்தால் தேதியைப் பாருங்கள். அது உங்களுடையதாக இருந்தால் நாளைக்கே புறப்படுங்கள். உங்கள் தாயுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருந்தால், "போய்ட்டு வாங்க" என்று சொல்லாதீர்கள், கூடப் போங்கள். சர்க்கரை நோய் இருந்தும் அப்படியொரு தாளே இல்லையென்றால், கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டது கடைசியாக எந்த ஆண்டில் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

உபதேசியாரின் பேத்தி திருமணத்தை நான்தான் மந்திரித்தேன். இப்போது நான்கு மாதத்திற்கு ஒருமுறை இருவரும் ஒரே நாளில் மருத்துவமனைக்குப் போகிறோம். அவர் இட்லி கொண்டுவருவார். சர்க்கரை போடாத காப்பி நிறைந்த புட்டி என் பொறுப்பு. கருப்பட்டியும் இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் வாய் குடித்துவிட்டு அவர் முகம் சுளிப்பார். அடுத்த முறை அக்டோபர் மாதம் ஐந்தாம் தேதி என்று அட்டையில் குறித்திருக்கிறார்கள். அவருடைய பங்கில் அன்று திருவிழாவின் எட்டாம் நாள். போன வாரம் நினைவூட்டினேன். "தெரியும் சாமி, அவங்ககிட்ட சொல்லிட்டேன்" என்றார்.